ஓவியச் சட்டத்தில் கதை தேடுபவர் எங்கே தொடங்குவது? பாலர், நேபாளம், திபெத், இலங்கை: ஓர் ஒப்பீடு

மூன்று பேர், மூன்று காரணங்களுக்காக, என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் நுண்கலை முதுகலை மாணவி. பௌத்தச் சுவடிகளின் மரச்சட்டங்களில், அதாவது ஏடுகளுக்கு மேலும் கீழும் காப்பாக வைக்கும் பலகைகளில், இருக்கும் ஓவியங்களை ஆய்வேட்டுக்கு எடுக்க நினைக்கிறார். இன்னொருவர் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுபவர். மூன்று விரல் அகலப் பட்டையில் ஒரு முழுக் கதையை எப்படி அடக்கினார்கள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மூன்றாமவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கையில் பத்து நாள் பயணத்துக்குப் பணம் இருக்கிறது, எங்கே போவது என்றுதான் குழப்பம்.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் மூவரிடமும் ஒரே தவறான எண்ணம் இருந்தது. சட்டத்தில் இருக்கும் கதைதான் உள்ளே ஏட்டில் இருக்கும் கதை என்று நினைத்திருந்தார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஓவியச் சட்டங்களோடு நமக்குக் கிடைத்திருக்கும் சுவடிகளில் அதிகம் காணப்படுவது எண்ணாயிரம் வரிப் பிரஜ்ஞாபாரமிதை. அது கதை நூலே கிடையாது. எல்லாம் சூன்யம் என்று பக்கம் பக்கமாகப் பேசும் தத்துவ நூல். அதன் சட்டத்தில் புத்தரின் பிறப்பும் யானையும் குரங்கும் இருக்கும். படம் நூலை விளக்க வரவில்லை. நூலே வணங்கப்படும் பொருள், அதற்குக் காப்பாகவும் அணியாகவும் படம் வந்து உட்கார்ந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த ஊர்ச் சுவடியைத் தேர்ந்தெடுத்தாலும் ஆறு மாதம் கழித்து முட்டுச்சந்தில்தான் நிற்பீர்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி, கதை உண்மையிலேயே நகர்கிறதா என்பது. ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வந்து சம்பவம் அடுத்தடுத்து நடந்தால் அது கதைப்படம். தெய்வங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது வேறு.

இரண்டாவது, சட்டமும் சுவடியும் இன்னும் சேர்ந்திருக்கின்றனவா. சுவடியின் கடைசி ஏட்டில் ஆண்டு எழுதியிருக்கும். அந்த ஆண்டு ஏட்டுக்குத்தான் உத்தரவாதம், சட்டத்துக்கு இல்லை. சட்டம் பழுதானால் புதிதாகப் போடுவார்கள். வேறொரு சுவடியின் சட்டத்தை எடுத்து மாட்டிவிடுவதும் உண்டு.

மூன்றாவது, படத்தை எங்கே பார்ப்பது, நேரிலா திரையிலா. நான்காவது, என்ன மொழி தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது, கண்ணில் படாத செலவு.

ஐந்தாவதற்கு ஓர் உதாரணம் என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு முறை சட்டம் பார்ப்பதற்கென்றே ரயில் ஏறி ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சுவடி இருந்தது, சட்டமும் இருந்தது. ஆனால் சட்டம் மூடிய நிலையில் இருந்தது. இந்தச் சட்டங்களில் ஓவியம் பெரும்பாலும் உட்பக்கம், ஏட்டைத் தொடும் பக்கத்தில்தான் இருக்கும். வெளிப்பக்கத்தில் பல தலைமுறைப் பூசையின் சந்தனமும் குங்குமமும் அரிசியும் இறுகிக் கறுத்த ஒரு படலம். நான் அன்று பார்த்தது அந்தப் படலத்தை மட்டும்தான். அதுவும் பார்க்க வேண்டியதுதான், சரி. ஆனால் அதற்காக நான் ரயில் ஏறவில்லை.

## பாலர் காலச் சட்டங்கள் (பீகார், வங்காளம்)

பாலர் என்பது பீகாரையும் வங்காளத்தையும் ஆண்ட அரச மரபு. இவை 11, 12ஆம் நூற்றாண்டுகளில் நாளந்தா போன்ற மகாவிகாரைகளில், அதாவது பெரிய பௌத்த மடங்களில், எழுதப்பட்டவை. கூந்தற்பனை ஓலை, இரண்டு துளை, மேலும் கீழும் ஒவ்வொரு மரப்பலகை. நம் ஊர் ஏட்டுச் சுவடியைக் கையாண்டவர்களுக்கு அமைப்பு புதிதாக இருக்காது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், மூன்று விரல் அகலம்.

கதை என்று எடுத்துக்கொண்டால் இங்கே முதன்மையானது புத்தர் வாழ்வின் எட்டு நிகழ்ச்சிகள்: லும்பினியில் பிறப்பு, புத்தகயாவில் ஞானம், சாரநாத்தில் முதல் உபதேசம், சிராவஸ்தியில் அற்புதம், சாங்காசியத்தில் விண்ணுலகிலிருந்து இறங்குவது, ராஜகிருகத்தில் மதயானை அடங்குவது, வைசாலியில் குரங்கு தேன் கொடுப்பது, குசிநகரில் பரிநிர்வாணம்.

ஆனால் ஒவ்வொன்றும் ஒரே உருவமாகச் சுருக்கப்பட்டிருக்கும். பார்த்துப் பழகாதவருக்கு எட்டும் ஒன்றுபோலத் தெரியும். நான் வழக்கமாகச் சொல்லித்தருவது இப்படி: சாரநாத்திலும் சிராவஸ்தியிலும் புத்தர் ஒரே கைமுத்திரையோடு உட்கார்ந்திருப்பார். ஆசனத்துக்குக் கீழே சக்கரமும் மான்களும் இருந்தால் சாரநாத். இருபுறமும் அவரைப் போலவே சின்னச் சின்னப் புத்தர்கள் முளைத்திருந்தால் சிராவஸ்தி. நிற்கும் புத்தர்களிலும் இதே சிக்கல் உண்டு. பக்கத்தில் குடையும் பிரம்மாவும் இந்திரனும் இருந்தால் விண்ணிலிருந்து இறங்குகிறார். காலடியில் ஒரு பூனைக்குட்டி அளவுக்கு யானை மண்டியிட்டிருந்தால் அது நளாகிரி. அவ்வளவு பெரிய மதயானையை ஓவியர் இப்படிச் சின்னதாக்கியது இடப் பற்றாக்குறையால் மட்டும் அல்ல. அடங்கிய யானை சின்னதுதானே.

வைசாலிக் காட்சியில் கொஞ்சம் நின்று பாருங்கள். புத்தர் மடியில் பிச்சைப் பாத்திரம், எதிரே தேன் ஏந்திய குரங்கு. சில படங்களில் ஓரத்தில் ஒரு கிணறும், அதற்குள் தலைகீழாகப் பாயும் குரங்கின் கால்களும் தெரியும். தன் தேனை ஏற்றுக்கொண்டார் என்ற சந்தோஷத்தில் துள்ளிக் குதித்துக் கிணற்றில் விழுந்து செத்தது அது. அதன் பயனாக நல்ல பிறவி கிடைத்தது என்பது கதை. எட்டுக் காட்சிகளில் கதை உண்மையாக நகர்வது இந்த இரண்டு கால்களில்தான்.

கண்ணில் படாத செலவு: தேடி அலைவது. 12ஆம் நூற்றாண்டு முடியும்போது பீகாரின் மகாவிகாரைகள் அழிந்தன. அங்கே எழுதப்பட்டவற்றில் பிழைத்தவை பெரும்பாலும் நேபாளத்துக்கும் திபெத்துக்கும் கொண்டுபோகப்பட்டவை. நாளந்தாவில் 11ஆம் நூற்றாண்டில் எழுதி, 12ஆம் நூற்றாண்டில் செப்பனிட்டு, திபெத்துக்குப் போன ஒரு பிரதி இன்று நியூயார்க்கின் ஏஷியா சொசைட்டியில் இருக்கிறது. இன்னொன்று, ராமபாலர் ஆட்சியில் நாளந்தாவில் எழுதியது, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில். இவற்றை ஒப்பிட வேண்டுமானால் கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டும், அல்லது படங்களை நம்ப வேண்டும்.

எப்போது இதுவே சரி: முகபாவம், ஆசனம், கைநிலை என்று உருவங்களை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும் ஆரம்பக் கட்டத்தில். எட்டுக் காட்சிகளும் கைவந்தால் மற்ற எந்த ஊர்ச் சட்டத்தையும் பாதி படித்துவிடலாம்.

## நேபாளம்

என் சாய்வு இந்தப் பக்கம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இங்கேதான் கதை பலகையின் நீளத்துக்கு ஓடுகிறது. 12ஆம் நூற்றாண்டை ஒட்டிய நேபாளச் சட்டங்களில் விஷ்வந்தர ஜாதகம் வரும். ஜாதகம் என்றால் இங்கே புத்தரின் முற்பிறவிக் கதை. பாலி மொழியில் வெஸ்ஸந்தரன் என்று அறியப்படும் இளவரசன். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவன், நம் கர்ணனைவிட ஒரு படி மேலே போனவன். நாட்டுக்கு மழை தரும் வெள்ளை யானையைக் கொடுத்தான், அதனால் நாடு கடத்தப்பட்டான். வழியில் குதிரைகளையும் தேரையும் கொடுத்தான். காட்டில் குழந்தைகளைக் கேட்டு வந்த பிராமணனுக்குக் குழந்தைகளைக் கொடுத்தான். கடைசியில் மனைவி மாத்ரியையும் கொடுத்தான்.

இதை வரைவதற்கு நீண்ட பட்டை எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். இளவரசன் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருக்கிறான், ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று அவனிடமிருந்து குறைகிறது. முதலில் தேர் நிறைய ஆட்கள், அப்புறம் தேர் இல்லை, அப்புறம் தோளில் குழந்தை, அப்புறம் தோள் காலி. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே கோடு போட்டுப் பிரிப்பதில்லை. ஒரு மரம், ஒரு மண்டபத் தூண், அல்லது திரும்பி நிற்கும் ஒரு முதுகு போதும். படம் போடும் நண்பருக்கு நான் காட்டியது இதைத்தான். அவர் பதினைந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

திரையில் பார்ப்பதற்கு நேபாளச் சுவடிகளில் நல்ல வாய்ப்பு உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்கை எண் 1643 என்ற பிரஜ்ஞாபாரமிதைச் சுவடி இருக்கிறது. 1015இல் நேபாளத்தில் சுஜாதபத்ரர் எழுதியது, 85 சிற்றோவியங்கள் கொண்டது. 1870களில் காத்மாண்டுவின் பிரிட்டிஷ் ரெசிடென்சியில் மருத்துவராக இருந்த டேனியல் ரைட் அங்கிருந்து சேகரித்தவற்றில் ஒன்று. நூலகத்தின் மின்னூலகத்தில் ஏடு ஏடாக, ஓலையின் நார் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி இலவசமாகப் பார்க்கலாம். ஏடுகளுக்குள் இருக்கும் ஓவியங்கள் பல, பௌத்த உலகின் புகழ்பெற்ற கோயில் உருவங்கள். பக்கத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். அதில் ஒன்று கடாஹ தீவின் லோகநாதர். ஆம், நம் கடாரம்தான். ராஜேந்திர சோழனின் கப்பல்கள் அங்கே போவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் ஒருவர் அந்த ஊரை மூன்று விரல் அகலத்தில் வரைந்து வைத்திருக்கிறார்.

இதே சுவடியில் இரண்டாவது ஒரு குறிப்பும் உண்டு. 1139இல் கருணாவஜ்ரர் என்பவர், நம்பிக்கையில்லாதவர் கையில் சிக்கியிருந்த பிரஜ்ஞாபாரமிதையை மீட்டதாக எழுதியிருக்கிறார். சட்ட ஆய்வாளருக்கு இந்த வரி தங்கம். 1015க்கும் 1139க்கும் நடுவே சுவடி கைமாறியிருக்கிறது என்றால், இப்போது அதோடு இருக்கும் ஓவியச் சட்டங்கள் எந்தக் கட்டத்தில் சேர்ந்தன என்று கேட்டாக வேண்டும். ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயத்துக்கு அந்தக் கேள்வி தாங்கும்.

கொல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் 1071 தேதியிட்ட நேபாளப் பிரதி ஒன்று உண்டு. காத்மாண்டுவில் தேசிய ஆவணக் காப்பகமும் ஆஷா காப்பகமும் இருக்கின்றன. பாட்டன் நகரின் குவா பகால் என்ற விகாரையில், பொன்னெழுத்துப் பிரஜ்ஞாபாரமிதையை இன்றும் பலர் ஏடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் உரக்க வாசிக்கிறார்கள். சந்தனமும் குங்குமமும் எப்படிச் சட்டத்தின்மேல் ஏறுகின்றன என்று ஒரு முறை பார்த்துவிட்டால், அருங்காட்சியகத்தில் அந்தக் கறுத்த படலத்தை அழுக்கு என்று சொல்ல மனம் வராது.

கண்ணில் படாத செலவு: முதலில் மொழி. சமஸ்கிருதம் வேண்டும், அதோடு காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழைய நேவாரி எழுத்துவகைகளும். தேவநாகரி மட்டும் தெரிந்தவர் கடைசி ஏட்டின் முன்னால் திகைத்து நிற்பார். அடுத்தது படப் பிரதிகள். 1970 முதல் 2001 வரை நேபாள-ஜெர்மன் சுவடிப் பாதுகாப்புத் திட்டம் ஏராளமான சுவடிகளை நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்தது. அது பெரிய தொண்டு. ஆனால் கறுப்பு வெள்ளை. எழுத்தைப் படிக்கப் போதும், ஓவியத்துக்குப் போதாது. சுவடி இருக்கிறது என்று நுண்படத்தை நம்பிப் போய், சட்டத்தின் வண்ணப்படம் புதிதாக எடுக்க அனுமதி, கட்டணம், காத்திருப்பு என்று நாட்கள் கரையும். பத்து நாள் பயணத்தில் நான்கு நாளை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

எப்போது இதுவே சரி: கதை ஓட்டம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால். அல்லது தேதியிட்ட சுவடியை வைத்து வரலாறு எழுத வேண்டும் என்றால். ஆனால் 15ஆம் நூற்றாண்டுக்கு அப்பால் போனால் நீளக் கதைகளைச் சட்டத்தைவிடத் துணிச்சுருள்களில்தான் அதிகம் பார்ப்பீர்கள். அப்போது உங்கள் தலைப்பும் மாறியாக வேண்டும்.

## திபெத்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். திபெத்தியச் சட்டங்கள் கண்ணைப் பறிப்பவை, ஆனால் அவற்றின் பெருமை செதுக்கில். காகிதச் சுவடி என்பதால் ஓலையின் அளவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. முக்கால் மீட்டர் நீளம், ஒரு சாண் அகலம் என்று பலகை பெரிதாகிறது. வெளிப்பக்கத்தில் ஆழமாகச் செதுக்கிப் பொன் பூசியிருப்பார்கள். நடுவே பிரஜ்ஞாபாரமிதா தேவி, இருபுறமும் புத்தர்கள், சுற்றிலும் கொடி. உட்பக்க ஓவியமும் வாழ்க்கைக் காட்சிகளும் சிலவற்றில் உண்டு, ஆனால் பொதுவாக தெய்வ வரிசைக்குத்தான் முதலிடம்.

பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திபெத்தியக் காகித ஏடுகளைத் துளையில் கயிறு கோத்துக் கட்டுவதில்லை. துணியில் சுற்றி வாரால் இறுக்குவார்கள். எனவே திபெத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு பலகையில் கயிற்றுத் துளை இருந்தால், அது இந்தியாவிலோ நேபாளத்திலோ செய்து மலையேறிய பலகையா என்று சந்தேகப்படலாம்.

கண்ணில் படாத செலவு பெரியது. இந்தப் பலகைகளில் பல, நூலை விட்டுப் பிரிந்து தனிக் கலைப்பொருளாகவே அருங்காட்சியகங்களுக்கு வந்தவை. எந்த நூலின் சட்டம், எந்த மடம், எந்த ஆண்டு என்று கேட்டால் பாணியை வைத்து ஊகிப்பதைத் தவிர வழியில்லை. தரம்சாலாவின் திபெத்திய நூலகம், கேங்டாக்கின் நம்கியால் திபெத்தியல் நிறுவனம், தில்லியின் திபெத் ஹவுஸ் என்று இந்தியாவுக்குள்ளேயே பார்க்க இடங்கள் இருப்பது நல்ல விஷயம்.

எப்போது இதுவே சரி: மரவேலை, செதுக்கு, பொன்பூச்சு இவற்றில் ஆர்வம் என்றால்.

## இலங்கை

தூரத்தில் இதுதான் நமக்குப் பக்கம், மொழியிலும் ஓரளவு அப்படித்தான். சுவடிப் பலகைக்குச் சிங்களத்தில் கம்பா என்று பெயர். நம் பழைய அகராதிகளைப் புரட்டினால் ஏட்டுச் சட்டத்துக்குக் கம்பை என்ற சொல் கிடைக்கும்.

கண்டிக் காலத்துச் சட்டங்களில், அதாவது 18, 19ஆம் நூற்றாண்டுகளில், ஓவியம் நேபாளத்துக்கு நேர்மாறாக வெளிப்பக்கத்தில் இருக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு அரக்கு வண்ணங்கள். ஓரத்தில் தாமரை இதழ் வரிசை, நடுவே நெளியும் கொடி. கையில் எடுத்தவுடன் அழகு தெரியும், திறக்க வேண்டியதில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு ஏற்ற சட்டம் இதுதான்.

ஆனால் கதை? சட்டத்தில் மிகக் குறைவு. கண்டிக் காலக் கதைப்படம் கோயில் சுவரில் இருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ குகைக் கோயிலுக்குப் போனால், 18ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் வெஸ்ஸந்தர ஜாதகத்தையும் சுதசோம ஜாதகத்தையும் சிவப்புப் பின்னணியில் பட்டை பட்டையாக ஓட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே சிங்களத்தில் விளக்க வரி. நேபாளச் சட்டத்தில் ஒரு முழ நீளத்துக்குள் அடங்கிய அதே இளவரசன், இங்கே சுவரின் நீளத்துக்கு நடக்கிறான். ஒரே கதை, இரண்டு அளவு. என் மாணவி கடைசியில் இந்த ஒப்பீட்டைத்தான் தலைப்பாக எடுத்தார். அவருக்குச் சமஸ்கிருதம் தெரியாது, ஆனால் சிங்கள எழுத்து படிக்க ஒரு வருடம் உழைக்கத் தயாராக இருந்தார்.

கண்ணில் படாத செலவு: தலைப்பைச் சட்டத்தோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் கடைசியில் பூவும் கொடியும்தான் மிஞ்சும். கதை வேண்டும் என்பவர் சுவருக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும்.

எப்போது இதுவே சரி: குறைந்த செலவு, குறைந்த நாள். அலங்கார வடிவங்களைக் கற்க நினைக்கும் ஓவியருக்கும் சரி.

பர்மாவையும் தாய்லாந்தையும் ஏன் விட்டேன் என்று கேட்கலாம். பர்மாவின் கம்மவாசா என்ற துறவிச் சடங்கு நூல்களின் சட்டங்களில் அரக்கும் பொன்னும் பிரமாதம், கதை இல்லை. தாய்லாந்தில் கதை பிரமாதம், ஆனால் அது மடிப்புக் காகிதச் சுவடியின் உள்ளே, மரப்பலகையில் அல்ல. கில்கிட்டில் கிடைத்த பழைய பூர்ஜ மரப்பட்டைச் சுவடிகளோடு வந்த ஓவியப் பலகைகள் ஸ்ரீநகர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மற்ற எல்லாவற்றுக்கும் மூத்தவை, ஆனால் அங்கே இருப்பது போதிசத்துவரும் கீழே மண்டியிட்ட கொடையாளிகளும். கதை அல்ல.

## ஒரு பார்வையில்

| | பாலர் | நேபாளம் | திபெத் | இலங்கை |
|---|---|---|---|---|
| கதை ஓட்டம் | எட்டுத் தனிக்காட்சிகள் | நீளப் பட்டையில் தொடர்கதை | குறைவு | சட்டத்தில் அரிது, சுவரில் ஏராளம் |
| ஓவியம் இருக்கும் பக்கம் | உள் | உள் | வெளியே செதுக்கு, உள்ளே சிலவற்றில் ஓவியம் | வெளி |
| சுவடியோடு சேர்ந்திருக்கிறதா | சிலவே பிழைத்தன | பல சேர்ந்தே உள்ளன, ஆனால் சோதிக்க வேண்டும் | பல பிரிந்துவிட்டன | பெரும்பாலும் சேர்ந்தே |
| மொழி | சமஸ்கிருதம் | சமஸ்கிருதம், நேவாரி எழுத்து | திபெத்தியம் | சிங்களம், பாலி |
| பெரிய மறைசெலவு | தேடி அலைவது | அனுமதி, நாட்கள் | வரலாறு தெரியாதது | கதைக்குச் சுவர் ஏற வேண்டும் |

## வாங்கலாமா?

ஓய்வுபெற்ற நண்பர் கடைசியில் கேட்டது இது. காத்மாண்டுக் கடைத்தெருவில் பழையது என்று சொல்லி ஒரு சட்டத்தை நீட்டினால் என்ன செய்வது? வாங்காதீர்கள். உண்மையிலேயே பழையதென்றால் நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போவது குற்றம். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 75 ஆண்டுக்கு மேற்பட்ட சுவடி தொல்பொருள், ஏற்றுமதி செய்ய முடியாது. பழையதில்லை என்றால் புகை போட்டுக் கறுக்கவைத்த புதுப்பலகைக்குப் பழைய விலை கொடுப்பீர்கள். அதற்குப் பதில் பாட்டனிலோ பக்தபூரிலோ பௌபா என்னும் நேபாளத் துணி ஓவியம் வரைபவர் ஒருவரிடம், புதியது என்று தெரிந்தே, ஒரு பலகை வரையச் சொல்லுங்கள். அவர் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். நண்பர் அதற்குத்தான் போயிருக்கிறார்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும், நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ கடிதம் எழுதும்போது “ஓவியச் சட்டம் பார்க்க வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். பட்டியல்களில் “மரப்பலகை இரண்டு” என்பதோடு முடித்திருப்பார்கள், நீங்கள் கேட்பது எது என்று அவர்களுக்கே தெரியாமல் போகலாம். மேல் பலகை, கீழ்ப் பலகை இரண்டும், ஒவ்வொன்றின் உட்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும், கயிற்றுத் துளைகள் தெரியும்படி, பக்கத்தில் முதல் ஏட்டை வைத்து என்று எழுதுங்கள். பலகையின் துளைகளும் ஏட்டின் துளைகளும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தச் சட்டம் வேறு சுவடிக்குச் செய்தது.